படம் வேண்டாம், சத்தம் போதும்

அப்பாவின் குரல் முதலில் ஓர் இருமலாகத்தான் வந்தது.

அவள் கட்டிலில் சாய்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கைப்பேசியில் ஒரு கழுகுக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கு நடுவே பட்டுப்போன மரம், அதன் உச்சியில் சுள்ளிக் கூடு. அந்த ஏரிக்கரையில் இருக்கும் பம்ப் ஹவுஸில்தான் அப்பாவுக்கு வேலை. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வார். வாரக் கடைசியில் போன் பேசியபோது, "ஒரு மேடம் வந்து நம்ம ஜன்னல்ல கேமரா வெச்சிருக்காங்க பாப்பா. கழுகு குஞ்சு பொரிச்சிருக்கு. உலகம் பூரா பாக்கலாமாம்" என்று சொல்லியிருந்தார். எப்படிப் பார்ப்பது என்று அவள் கேட்டதற்கு, "சரிம்மா, வெக்கறேன்" என்று வைத்துவிட்டார். பிறகு அவளே தேடிப் பிடித்தாள்.

அவர்கள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான். சாப்டியா, சாப்டேன், உடம்பு பரவால்லயா, பரவால்ல, சரிம்மா. வேலை செய்யும் இடத்தில் அவருக்கு 'சரிங்க' என்றே பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் சரிங்க என்பாராம். அம்மா இருந்தவரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "உங்கப்பன்கிட்ட வீடு பத்தி எரியுதுன்னு சொல்லிப் பாரு, சரிங்கம்பாரு."

அவள் இருந்தது வேறொரு நாட்டில். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்க்கிற வேலை. தங்கும் அறையில் நான்கு கட்டில்கள். மற்ற மூவரும் காலை வேலைக்குப் போய்விடுவார்கள். அவளுக்கு மதியத்துக்கு மேல்தான். ஆகவே காலை முழுக்க அந்த அறையில் அவளும், கம்பியில் காயும் அடுத்தவர் துணிகளும்தான். மற்றவர்கள் இருக்கும்போது பாட்டும் சண்டையுமாக இருக்கும் அறை, அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கியதும் தண்ணீர் வற்றிய தொட்டி மாதிரி ஆகிவிடும்.

கட்டடம் முழுவதற்கும் ஒரே இணைய இணைப்பு. கழுகு இறக்கையைத் தூக்கியதென்றால் தூக்கியபடியே நிற்கும். பிறகு படம் கட்டம் கட்டமாக உடையும். அப்புறம் வட்டம் சுற்றும். அப்பா இருக்கும் இடத்திலும் அதே கதிதான். ஏரியின் நீர்மட்டத்தைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்வதற்காகப் போட்ட மெலிந்த இணைப்பு அது. அதில் மிச்சம் இருக்கிற வேகத்தில்தான் கழுகு உலகம் சுற்ற வேண்டும். இந்தப் பக்கமும் நொண்டி, அந்தப் பக்கமும் நொண்டி. சலித்துப்போய் அவள் திரையைத் தடவியபோது, 'ஒலி மட்டும்' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டாள்.

படம் போய்விட்டது. காற்று வந்தது. அதற்கு அடியில் மோட்டாரின் ரீங்காரம், இடைவிடாமல். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கியிருக்கிறாள். பிறகு அந்த இருமல்.

"இந்தா, கேட்டியா," என்றார் அப்பா.

அவள் துண்டைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கும் அந்த ரெண்டாவது மோட்டார் மக்கர் பண்ணுது. கையை வெச்சா உதறுது, காய்ச்சக்காரன் மாதிரி. ஆபீசுக்குச் சொன்னேன். வர்றோம்னாங்க. எப்பன்னு சொல்லல. கல்யாணத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டு உன் தம்பி வந்த மாதிரிதான், எல்லாம் முடிஞ்சு பந்தலைப் பிரிக்கறப்ப வருவானுங்க."

யாரோடு பேசுகிறார் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. பம்ப் ஹவுஸில் அவர் தனியாகத்தான் இருந்தார். அவளுக்கு ஒரே ஒரு மாமா. அவள் கல்யாணத்துக்குப் பிந்தி வந்தவர் அவர்தான். அம்மாவின் தம்பி.

அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

அன்று முதல் அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் போனதும் கதவைத் தாழிட்டு, கைப்பேசியைத் தலையணை மேல் வைத்து, தன் துணியை மடித்துக்கொண்டோ நகம் வெட்டிக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் எப்போதும் பேசுவதில்லை. நெடுநேரம் மோட்டார் மட்டும் ஓடும். துடைப்பம் தரையில் போகும். டம்ளரை மேசையில் வைப்பார். திடீரென்று, விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல ஆரம்பிப்பார்.

"ஆம்பளக் கழுகு மீனைக் கொண்டாந்து குடுத்துட்டு பக்கத்துலயே நிக்குது. அவ வாங்கிக்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல. உன்ன மாதிரியேதான். சம்பளக் கவரை வாங்கி வெச்சுக்கிட்டு, கைகால் கழுவிட்டு வாங்கன்னு சொல்லுவியே."

அவள் சிரித்தாள். அந்த அறையில் தன் சிரிப்பு தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

அப்பாவுக்கு இவ்வளவு பேச வரும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் பேச்சு அம்மாவுடையது. அவர் சுவரோரம் உட்கார்ந்து தலையாட்டுவார். ஒருவேளை இருவரும் தனியாக இருக்கும்போது பேசியிருப்பாரோ என்னவோ. அம்மா உயிரோடு இருந்தபோது கேட்காத பேச்சையெல்லாம் இப்போது கேட்கிறோமே என்று சில காலைகளில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சாவித்துவாரத்தில் கண் வைக்கிற மாதிரி. ஆனாலும் நிறுத்தவில்லை.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் அவர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா நேத்துப் பேசினா. என்னமோ சொன்னா. பாதிதான் காதுல விழுது. இந்தப் பக்கக் காது சுத்தமாப் போச்சு, அந்தப் பக்கம் ஏதோ கொஞ்சம். என்னன்னு திரும்பத் திரும்பக் கேட்டா, வேலைக்கு நடுவுல கூப்பிடற பொண்ணுக்குச் சலிப்பாத்தானே இருக்கும். அதான் சரிம்மா சரிம்மான்னு வெச்சுடறது. நீ இருந்தா போனை வாங்கி எனக்குச் சொல்லுவ."

துணி உரசும் சத்தம்.

"மாப்பிள்ளை குரலையும் காணோம். அவருக்கும் வேலை அதிகம்போல. முன்னெல்லாம் பண்டிகை நாள்லயாவது ஒரு வார்த்தை பேசுவாரு. சரி, ரெண்டு பேரும் நல்லாருந்தா போதும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை மடியிலேயே கிடந்தது.

அம்மா போன மறுவருடம் அவள் கணவன், இனிமேல் சேர்ந்து வாழ முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சண்டைகூடப் போடவில்லை. தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான். அவளுக்கு அப்போது சொல்லிக்கொள்ள அப்பாவைத் தவிர யாருமில்லை. சலவைப் பிரிவின் பின்படிக்கட்டில் நின்று போன் போட்டாள். உள்ளே இயந்திரங்களின் இரைச்சல். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நல்லதும்மா, சந்தோஷம்," என்றார் அப்பா. "வெச்சுடட்டா?"

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரி ஒருமுறை, "உங்கப்பாகிட்ட சொல்லலாம்ல?" என்றபோது, "செவிடன் காதுல சங்கு ஊதி என்ன பிரயோஜனம்?" என்று சொன்னாள். கோபத்தில் சொன்ன பழமொழி. அது இப்படி எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்று வேலையில் அவள் இரண்டு விரிப்புகளைக் கோணலாகக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வைக்காரி கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் காலை கைப்பேசியைத் திறந்தபோது சத்தம் இல்லை. படம் மட்டும் இருந்தது, முன்னைவிடத் தெளிவாக. குஞ்சு கூட்டின் ஓரத்தில் நின்று இறக்கையை விரித்து விரித்து மூடியது. கீழே ஓர் அறிவிப்பு: இணைய வேகம் போதாததால் ஒலி நிறுத்தப்பட்டுள்ளது. பார்வையாளர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது கண்ணே தெரிகிறது, நகமே தெரிகிறது என்று ஒரே குதூகலம்.

அவள் எழுதினாள்: 'தயவுசெய்து ஒலியைத் திரும்பக் கொடுங்கள். தேவைப்பட்டால் படத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.'

பதில்கள் உடனே வந்தன. கழுகைக் காதால் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் ஒருவர். மீன் கத்துகிற சத்தம் வேண்டுமோ என்றார் இன்னொருவர். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். அவள் தன் வரியை அழித்துவிட்டாள்.

இரண்டு காலைகள் அந்த ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். காற்றில் சுள்ளிகள் ஆடின. அந்தப் பக்கம் ஜன்னலுக்குள்ளே அவர் பேசிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் பக்கத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். கேமரா வைத்த ஆய்வாளரே எடுத்தார்.

"மேடம், அந்தக் கழுகு கேமராவுல சத்தம் நின்னுபோச்சு."

"ஆமாங்க, அங்க லைன் வேகம் பத்தல. போட்டிருக்கோமே."

"படத்தைக் குறைச்சுட்டு சத்தம் குடுக்க முடியாதா?"

ஆய்வாளர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க ரொம்ப நாளா கேக்கறீங்களா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். லைன் பத்தாததும் நிஜம்தான். ஆனா அதுக்காக நிறுத்தல. அங்க ஒரு அண்ணன் வேலை பாக்கறார். அவர் தனக்குத்தானே பேசிக்கறது உள்ள விழுது. நான் கவனிக்கவே இல்ல, எங்களுக்குக் கழுகு மேலதான் கண்ணு. யாரோ ஒருத்தன் அதை வெட்டி எடுத்து, பொண்டாட்டி ஆவியோட பேசறவர்னு போட்டிருந்தான். பாத்ததும் எனக்கு உடம்பே கூசிப்போச்சு. எடுக்க வெச்சுட்டேன். ஆனா அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தினம் நினைக்கறேன், தள்ளிப்போடறேன்."

"அவர் எங்கப்பா," என்றாள்.

இணைப்பு போய்விட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். போகவில்லை.

"எங்கம்மாகிட்டதான் பேசறார். அம்மா இல்ல. அவருக்குக் காது கேக்கலன்னு அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. மேடம், நான் அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன்ல சொன்னா விழாது. ஏற்கெனவே ஒருதடவ சொல்லி விழாமப் போச்சு. எனக்கு இப்ப லீவு கிடைக்காது. உங்க லைனைக் கொஞ்ச நேரம் குடுப்பீங்களா?"

அது சின்ன விஷயமில்லை என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. குஞ்சு எந்த நேரமும் முதல் முறை பறக்கும் நிலையில் இருந்தது. அதைப் பதிவு செய்யத்தான் ஆய்வாளர் அந்தப் பருவம் முழுக்கக் காத்திருந்தார். அவள் பேச வேண்டுமென்றால் நேரலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்த இணைப்பு இரண்டையும் தாங்காது.

"நாளைக்குக் காலைல நானே அங்க போறேன்," என்றார் ஆய்வாளர். "நல்ல ஹெட்போன் ஒன்னு எடுத்துட்டுப் போறேன். அரை மணி நேரம் நிறுத்திக்கறேன். கழுகு அரை மணி பொறுத்துக்கும்."

மறுநாள் அவள் தலையை வாரி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பின்னால் துணிக்கம்பி தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். படம் வந்தது. அப்பா ஆய்வாளரின் மடிக்கணினிக் கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தார். நெற்றியும் மூக்கும்தான் தெரிந்தன. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

"பாப்பா," என்றார். "எளச்சுட்டியே."

பிறகு அவர் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. குரல் துண்டு துண்டாக வந்தது. அவள் பேசியதும் அப்படித்தான் போயிருக்க வேண்டும், ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"ரெண்டும் வராதுங்க," என்று ஆய்வாளரின் குரல் கேட்டது. "ஒன்னை விட்டாத்தான் ஒன்னு."

"படத்தையே வையுங்க மேடம்," என்றார் அப்பா. "பாத்து எவ்வளவு நாளாச்சு. பேச்சு எங்க போயிடப் போகுது?"

"வேண்டாம் மேடம்," என்றாள் அவள். "படத்தை நிறுத்திடுங்க. சத்தம் போதும்."

அப்பாவின் முகம் வாடியது அந்த உடைந்த கட்டங்களிலும் தெரிந்தது. பிறகு திரை கறுத்தது. மோட்டாரின் ரீங்காரம் முழுசாக வந்து அறையை நிரப்பியது.

"அப்பா, இப்ப கேக்குதா?"

"அம்மாடி," என்றார் அவர். "கிணத்துக்குள்ள இருந்து தூக்கி வெளிய விட்ட மாதிரி இருக்கு. உன் குரல் உங்கம்மா குரல் மாதிரி ஆயிடுச்சு பாப்பா."

முதலில் கழுகுக் கேமராவைப் பற்றிச் சொன்னாள். அதில் மைக்கும் இருந்தது, அவர் பேசியதெல்லாம் கேட்டது என்று. அவர் புரிந்துகொள்ளச் சற்று நேரமானது.

"எல்லாமா?"

"எல்லாந்தாம்பா."

"அம்மாகிட்ட பேசினதுமா?"

"ம்."

"வேற யாரு கேட்டாங்க?"

"கொஞ்சம் பேரு."

"மானம் போச்சு," என்றார் மெதுவாக. "வயசான காலத்துல கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சிருப்பாங்க."

"எனக்கு அது இல்லாம காலைப்பொழுது போகலப்பா," என்றாள். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. "காது கேக்கலன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பி வந்து நிப்ப. புருஷனையும் வேலையையும் விட்டுட்டு."

அவள் எப்படி ஆரம்பிப்பது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அது எதுவும் இப்போது நினைவில் இல்லை.

"அவர் எங்கூட இல்லப்பா. போயிட்டார்."

"எங்க?"

"என்னை வேண்டாம்னு போயிட்டார். அம்மா செத்த மறுவருஷமே. நான் உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். போன்ல."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டயா? நான் என்ன சொன்னேன்?"

அதை மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் இத்தனை நாள் உள்ளே கிடந்தது அது ஒன்றுதான். "நல்லதும்மா, சந்தோஷம்னு சொன்னீங்க."

எதையோ மேசையில் வைக்கும் சத்தம். ஹெட்போனாக இருக்க வேண்டும். நாற்காலி பின்னால் நகர்ந்தது. காலடிகள். கதவு. பிறகு மோட்டார் மட்டும்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவே எப்போது வேண்டுமானாலும் அவர் பேசுவார் என்று இருக்கும். இப்போது அந்த நாற்காலியில் ஆளே இல்லை. சற்றுப் பொறுத்து ஆய்வாளர் ஹெட்போனை எடுத்துத் தணிந்த குரலில், "வெளிய படியில உக்காந்திருக்கார். கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் மேடம். வரட்டும்."

வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொள்ளும்போது காதோரம் உராய்வது கேட்டது. மூக்கை உறிஞ்சினார்.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"அன்னிக்குச் சொன்னியே, அதை மறுபடி சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு. எதையும் விடாத."

அவள் சொன்னாள். இந்த முறை ஒரே மூச்சில் இல்லை. பெட்டியைப் பற்றி, பின்படிக்கட்டைப் பற்றி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த அறைக்கு வந்ததைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரி வாங்கித் தந்த போர்வையைப் பற்றி. அவர் குறுக்கே கேள்வி கேட்டார். விழாத இடத்தில், "என்னது? திரும்பச் சொல்லு" என்றார். ஒரு தடவைகூட சரிம்மா என்று சொல்லவில்லை. அரை மணி எப்போதோ தாண்டியிருந்தது. ஆய்வாளர் வந்து நிறுத்தச் சொல்லவில்லை.

அவர்கள் பேசி முடித்து நேரலையைத் திரும்ப ஓடவிட்டபோது கூட்டில் குஞ்சு இல்லை. தண்ணீருக்கு அப்பால், கரைப்பக்கத்து மரமொன்றில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அது முதல் முதலாகப் பறந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்வையாளர்கள் பார்க்கவில்லை, கேமரா பார்க்கவில்லை, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பாவும் பார்க்கவில்லை. அப்பா திரும்பி வந்ததும் ஆய்வாளர் கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டிருக்கிறார், அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டாம் என்று. பார்வையாளர்கள் பொரிந்து தள்ளினார்கள். இணைப்புக் கோளாறு, வருந்துகிறோம் என்று ஆய்வாளர் போட்டார். அப்பா பல முறை மன்னிப்புக் கேட்டாராம். "விடுங்கண்ணே, அது பறந்துடுச்சில்ல" என்று சொன்ன ஆய்வாளர், அன்று கிளம்பும்வரை சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்பாதான் பின்னால் சொன்னார்.

சில நாட்களில் கேமராவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஆய்வாளர் அப்பாவைத் தன் வண்டியிலேயே காது டாக்டரிடம் அழைத்துப் போனார். இப்போது ஒரு கருவி மாட்டியிருக்கிறார். அது விசில் அடிக்கிறது என்று புகார். அலுவலகத்தில் விஷயம் தெரிந்தது. மோட்டார் அறையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்ததோடு சரி, வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாராம், யாரும் அவரை மாற்றவில்லை.

அவளுக்குக் காலைகள் பழையபடி ஆகிவிட்டன. மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு போனதும் கை தானாகவே கைப்பேசிக்குப் போகும். அந்தப் பக்கத்தைத் திறந்தால் 'நேரலை முடிந்தது' என்று இருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடுவாள். போன் பேச்சு முன்னைவிட நீண்டிருக்கிறது. அவர் கேள்விகள் கேட்கிறார், வக்கீலைப் பார்த்தாயா என்கிறார், லீவு எப்போது என்கிறார். ஆனால் மோட்டார் காய்ச்சக்காரன் மாதிரி உதறியதையோ, கழுகு திரும்பிப் பார்க்காததையோ அவர் அவளிடம் சொல்வதில்லை. அவள் கேட்டாலும், "அது எப்பவும்போல ஓடுது" என்பார். அந்தப் பேச்சு போனில் வராது போலிருக்கிறது.

லீவுக்கு எழுதிக்கொடுத்த அன்று அவளே கேட்டுவிட்டாள்.

"இப்பவும் அம்மாகிட்ட பேசறீங்களாப்பா?"

அவர் யோசித்தார். கருவி லேசாக விசில் அடித்தது அவளுக்கும் கேட்டது.

"பேசறேன்," என்றார். "ஜன்னலைச் சாத்திட்டு."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அப்புறம் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் போனை வைக்கவுமில்லை. அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.